விட்ட எழுத்து – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். வயது 36. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஆன்லைனில் கிடார் வாங்கி, யூட்யூப் பார்த்துக் கற்று வருகிறேன். முதல் இரண்டு மாதம் நன்றாகப் போனது. ஜி, சி, டி, ஈ மைனர் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) வந்துவிட்டன. அதன் பிறகு அப்படியே நிற்கிறேன். எஃப் கார்டு பிடித்தால் பாதிக் கம்பிகள் ஒலிப்பதில்லை, விரல் நுனி வலிக்கிறது. எந்தப் பாட்டையும் முழுதாக வாசிக்க முடியவில்லை. எனக்குப் பிறகு ஆரம்பித்த அலுவலக நண்பர் இளையராஜா பாட்டின் முகப்பு இசையை வாசித்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்.

வார நாட்களில் நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருகிறேன். இரண்டு விரல் முடங்கிய பிறகும் சாதித்த கிடார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட் பற்றிய வீடியோக்களைப் பார்த்து உற்சாகம் ஏற்றிக்கொள்வேன், செவ்வாய்க்கிழமைக்குள் இறங்கிவிடும். எதிலும் தேற 10,000 மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். கணக்குப் போட்டால் எனக்கு 64 வருடம் வருகிறது. சோர்ந்து போகாமல் தொடர்வது எப்படி? இல்லை, கிடாரை விற்றுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

சோர்ந்து போகாமல் இருப்பது எப்படி என்று வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. அதற்கென்று ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், மைக்கும் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் "அப்படியே நிற்கிறேன்" என்ற வரி. சில வாரங்களாக என் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்றுகொண்டிருக்கிறேன். அவர் உங்கள் ஊர்க்காரர், தந்தி அலுவலகத்தில் இருந்தவர். அவரிடம் தந்தியின் ஒலிக்குறியீடான மோர்ஸ் பழக வந்த பையன்கள் அத்தனை பேரும் இதே வரியைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன், முதலில் சில்லறையைத் தீர்த்துவிடலாம்.

ஜாங்கோ தங்கியிருந்த வண்டி வீடு 1928இல் தீப்பிடித்தபோது அவருக்கு வயது 18. அதற்குள்ளேயே அவர் பாரிஸ் நடனக்கூடங்களில் பாஞ்சோ வாசித்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார், இசைத்தட்டிலும் வாசித்திருந்தார். கைவந்த வித்தையைத் தீயிலிருந்து மீட்டவர் அவர். பெரிய மனிதர்தான், ஆனால் எஃப் கார்டு பிடிக்கத் தடுமாறுகிறவருக்கு அந்தக் கதையில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? செவ்வாய்க்கிழமைக்குள் இறங்கிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகும் ஏன் பார்க்கிறீர்கள்?

அந்த 10,000 மணி நேரம், ஆண்டர்ஸ் எரிக்ஸன் குழு 1993இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் தனியே பயிற்சி செய்த நேரத்தின் சராசரி. உலக மேடைக்குப் போகப்போகிறவர்களின் சராசரி. மஞ்சக்குப்பத்து மொட்டை மாடியில் நாலு பாட்டு வாசிக்க உங்களிடம் யார் 64 வருடம் கேட்டது? கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு ஒரு சராசரியைப் போய் நுழைவுக் கட்டணமாக எடுத்துக்கொள்ளலாமா தம்பி?

நண்பரின் ஸ்டேட்டஸ் முப்பது நொடி. அது எத்தனையாவது டேக் என்று அவர் போட மாட்டார். விடுங்கள்.

வலியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இரும்புக் கம்பி கிடாரில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் சரி. பெட்டியில் வந்து இறங்கும் விலை குறைந்த கிடார்களில் நான்கு மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலும் பள்ளத்தைப் போதிய ஆழம் வெட்டியிருக்க மாட்டார்கள். எஃப் கார்டு அதை ஒட்டிய முதல் ஃப்ரெட்டில் பிடிப்பது, கம்பி அதிகம் முரண்டு பண்ணும் இடமே அதுதான். அதே பிடியை அப்படியே நகர்த்தி ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்துப் பாருங்கள், ஏ கார்டு வரும். அங்கே ஒலித்தால் உங்கள் விரல்மேல் பாதிப் பழிதான். முதல் ஃப்ரெட்டுக்கு மெதுவாக இறங்கி வரலாம். அப்புறம், எட்டு மாதமாக அதே கம்பிதானா? கடற்கரை ஊரில் இரும்புக் கம்பி அவ்வளவு நாள் தாங்காது. கம்பியின் அடிப்பக்கம் விரலை ஓட்டுங்கள், சொரசொரவென்று இருக்கும். கொஞ்சம் மெல்லிய செட்டாக மாற்றி, உயரத்தைக் குறைக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து வாங்குங்கள். வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் துடையுங்கள்.

ஞாயிறு மூன்று மணி நேரம் வீண். தினம் கால் மணி நேரம் போதும். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள், ஓர் இரவு தூங்கி எழுந்ததும் மேற்கொண்டு பயிற்சியே இல்லாமல் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள் என்று மேத்யூ வாக்கர் குழு 2002இல் காட்டியது. நீங்கள் வாரத்துக்கு ஒரு இரவைத்தான் கிடாருக்குக் கொடுக்கிறீர்கள்.

விற்பது உங்கள் சௌகரியம். பிடிக்காததை விடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

இனி அப்பா.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், அப்போதெல்லாம் ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றுதான் சொல்வோம். தாழ்வாரத்து மேஜையில் அப்பா தந்தி தட்டும் பழைய கீயும், அதை டக் டக்கென்று ஒலிக்கவைக்கும் சவுண்டரும் பொருத்தி வைத்திருந்தார். சத்தம் தூக்கலாகக் கேட்க சவுண்டருக்குப் பின்னால் ஒரு காலி டின். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் சாயங்காலம் வந்து உட்காருவார்கள். அப்பா அன்றைய ஆங்கிலப் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு செய்தியை அடிப்பார். அவர்கள் காதால் கேட்டு எழுத வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லோருமே வேகம்தான். எழுத்துகள் மளமளவென்று பிடிபட்டுவிடும். பிறகு ஒரு இடத்தில் வண்டி நிற்கும். மாதக்கணக்கில் நிற்கும். "அப்படியே நிக்குது சார்" என்பார்கள்.

நான் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதியபடி பார்த்துக்கொண்டிருப்பேன். பையன் நன்றாகத்தான் எழுதிக்கொண்டு வருவான். ஒரு எழுத்து தவறும். உடனே பென்சில் காகிதத்திலிருந்து அரை அங்குலம் மேலே எழும்பி அங்கேயே நிற்கும். உதடு அசையும். அது எஃப்பா, எல்லா? இவன் யோசிப்பதற்காக அப்பாவின் கை நிற்காது. அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் இன்னும் ஐந்து எழுத்து ஓடியிருக்கும். அப்பா அடித்துக்கொண்டே கத்துவார்: "போனது போச்சுடா, கோடு போட்டுட்டு வர்றதை எடு!" அதிர்ந்து பேசாத மனிதர். எங்களிடம்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை, அந்தப் பென்சிலைப் பார்த்தால் மட்டும் அவருக்குத் தாங்காது. விட்டதை முடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதற்கென்று முறை இருக்கிறது. லைனில் அந்தப் பக்கம் இருப்பவன் உனக்காக நிற்கமாட்டான் என்பார்.

அமெரிக்காவில் வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர் 1897இலும் 1899இலும் இதையே ஆராய்ந்தார்கள். ஹார்ட்டரே முன்பு தந்தி வேலை பார்த்தவர். கற்பவர்களின் வேகத்தை வாராவாரம் அளந்து கோடு வரைந்தால், மேலே ஏறும் கோடு நடுவில் பல வாரங்கள் படுத்துவிட்டு மறுபடி ஏறியது. எழுத்தெழுத்தாகக் கேட்டவன் சொல்சொல்லாகக் கேட்கத் தயாராகும் காலம் அது என்று அவர்கள் விளக்கினார்கள். ஊக்கம் கொடுக்கிறவர்களுக்கு இது வெல்லம். "நீங்கள் நிற்கவில்லை, உள்ளுக்குள் வளர்கிறீர்கள்" என்பார்கள்.

நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்கு மோர்ஸ் கற்பிக்கும் முறையை வகுத்த ஃப்ரெட் கெல்லர், 1958இல் அந்தத் தேக்கத்தையே மாயை என்று எழுதினார். அப்படி ஒரு கட்டம் எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது என்றார். எனக்கு அவர் கட்சிதான். காரணம் அந்தப் பென்சில். தேங்கி நின்ற பையன்கள் எல்லோரும் விட்ட எழுத்தைத் திரும்பிப் பார்த்தவர்கள். கோடு போட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொண்டவன் கொஞ்ச நாளில் சொல்லைக் கேட்டான், அப்புறம் இரண்டு மூன்று சொல் பின்தங்கியே நிதானமாக எழுதினான். அப்பா தாழ்வாரத்தில் செய்தி வாங்கி எழுதிக்கொண்டே அம்மாவிடம் மீன் விலை விசாரிப்பார்.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் பார்க்காமலே சொல்வேன். பாட்டை ஆரம்பிக்கிறீர்கள். சி கார்டில் ஒரு கம்பி மங்குகிறது. நிறுத்துகிறீர்கள். குனிந்து விரலைப் பார்க்கிறீர்கள், சரி செய்கிறீர்கள், மறுபடி முதல் வரி. யூட்யூபும் உங்களுக்காக நிற்கிறது, அந்தப் பாஸ் பட்டன்தான் உங்களைக் கெடுத்தது. எட்டு மாதமாக முதல் இரண்டு வரியை நூற்றுக்கணக்கான தடவை வாசித்திருப்பீர்கள், மூன்றாம் வரியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். எந்தப் பாட்டும் முழுதாக வரவில்லை என்று வேறு வருத்தம். முழுதாக ஒரு தடவையாவது வாசித்தால்தானே வரும்?

வலது கை நிற்கக் கூடாது. இடது கை சேரவில்லையா, வெறும் கம்பியைத் தட்டுங்கள். கம்பி கர்ரென்றாலும் தட்டுங்கள். தொழில்முறைக்காரர்களே கார்டு மாறும் நொடியில் கடைசித் தட்டை வெறும் கம்பியில் விட்டுவிட்டு இடது கையைத் தூக்கிவிடுவார்கள், பாட்டில் அது யார் காதுக்கும் தெரியாது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வையுங்கள், அவமானமாக இருந்தால் 45. பாட்டு முடிந்த பிறகு எங்கே ஓட்டை விழுந்தது என்று பாருங்கள், அநேகமாக ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கும். அந்த இரண்டு கார்டுக்கு நடுவில் மட்டும் ஐந்து நிமிடம் போய் வாருங்கள். மறுபடி முதலிலிருந்து, நிறுத்தாமல்.

இதைத் தனி அறையில் செய்வது கடினம். நம் பக்கத்துச் சர்ச்சுகளில் கிடார் வாசிக்கும் பையன்களைக் கவனித்திருக்கிறீர்களா? டிசம்பரில் கேரல் ரவுண்டுக்கு வீடு வீடாக வருவார்கள். அவர்களில் புதுப் பையனுக்கு மூன்று கார்டு தெரிந்தால் அதிகம். ஆனால் பாடுகிற அத்தைமார்கள் இவன் விரல் சேரட்டும் என்று காத்திருப்பார்களா? பாட்டு போய்க்கொண்டே இருக்கும், இவன் பாதி கார்டை விழுங்கிவிட்டு ஓட வேண்டும். இப்படி ஒரே டிசம்பரில் தேறிவிட்ட பையன்களை எனக்குத் தெரியும். உங்கள் ஊக்கப் பேச்சாளர்கள் யாரும் அந்த அத்தைமாரின் கால்தூசு பெறமாட்டார்கள்.

உங்கள் கடிதத்தை இங்கே கொஞ்சம் வெட்டித்தான் போட்டிருக்கிறேன். வெட்டிய பகுதியில், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஓயாமல் பாடிக்கொண்டே இருப்பதால் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்வதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. கதவைத் திறங்கள். அவள் பாடுவதில் ஜி, சி, டி மூன்றுக்குள் அடங்கும் பாட்டு ஒன்றாவது கட்டாயம் இருக்கும். சுருதி அவளுக்கு ஏற்றதாக இல்லையென்றால் கிடார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ ஒன்று வாங்கி மாட்டுங்கள், ஊருக்குள் கடையிலேயே கிடைக்கும். அவள் நடுவில் வேகம் எடுப்பாள், ஒரு வரியை விழுங்குவாள், திடீரென்று வேறு பாட்டுக்குத் தாவுவாள். நீங்களும் தாவ வேண்டியதுதான். எஃப் வரும் பாட்டை அவள் எடுத்தால் இப்போதைக்கு அந்த இடத்தில் வெறும் கம்பியைத் தட்டிவிட்டு அவள் பின்னாலேயே போங்கள்.

அன்புடன்,
அக்கா