கேள்வி நேரம்: இரண்டு கட்டடம், ஒரே வைஃபை

கேள்வி: எங்கள் கோயில் அலுவலகத்துக்கு ஃபைபர் இணைப்பு வருகிறது. கல்யாண மண்டபம் 70 மீட்டர் தள்ளி இருக்கிறது; அங்கேதான் சனிக்கிழமை தமிழ் வகுப்பு. நடுவில் தார் போட்ட கார் பார்க், தோண்ட முடியாது. எக்ஸ்டெண்டர் வாங்கி மண்டபத்தில் வைத்தோம். போனில் சிக்னல் கோடு முழுதாகக் காட்டுகிறது, வீடியோ ஓடமாட்டேன் என்கிறது. ஏன்?
– கோயில் நிர்வாகக் குழு, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: போனில் தெரியும் கோடு, போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ள நிலவரம். எக்ஸ்டெண்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. மண்டபத்துக்குள் வைத்த எக்ஸ்டெண்டர், செங்கல் சுவரையும் தகரக் கூரையையும் தாண்டி 70 மீட்டர் தொலைவில் இருக்கும் ரௌட்டரைக் கேட்கத் திணறுகிறது. போதாக்குறைக்கு, ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் ரகமாக இருந்தால் கிடைத்த வேகமும் பாதியாகும்.

தோண்ட முடியாது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற பிரிட்ஜ் (இரண்டு கட்டடத்தையும் காற்றுவழியே இணைக்கும் கருவி) ஒரு ஜோடி வாங்குங்கள். 13 டிபிஐ (சிக்னலைக் குவிக்கும் அளவு) ஆன்டெனா உள்ள சின்ன மாடல், அதாவது டிபி-லிங்க் சிபிஇ510, யுபிக்விட்டி லோக்கோ 5ஏசி போன்றவை, 70 மீட்டருக்குத் தாராளம். சிபிஇ510-இன் கேபிள் போர்ட் 100 மெகாபிட்ஸ்தான். உங்கள் ஃபைபர் 200 என்றால் கிகாபிட் போர்ட் உள்ளதைப் பாருங்கள்.

கூரை ஏறுமுன் இரண்டையும் மேசைமேல் வைத்து செட்டிங்கை முடித்துவிடுங்கள். கோயில் பக்கத்தது ஆக்சஸ் பாயின்ட், மண்டபப் பக்கத்தது கிளையன்ட், இரண்டும் பிரிட்ஜ் மோடில், ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி எண். நாடு என்ற இடத்தில் தென்னாப்பிரிக்கா என்றே வையுங்கள். பவர் கூடக் கிடைக்கும் என்று வேறு நாட்டைப் போட்டுக்கொடுக்கும் ஆட்கள் உண்டு, விடாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதி கட்டடத்துக்குள் பயன்படுத்த மட்டும். வெளியே 100-இலிருந்து தொடங்கும் சேனல்கள். அவற்றில் ஒன்றைப் போட்டதும், ரேடார் இருக்கிறதா என்று கருவி குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்கும். அதுவரை லிங்க் வராது. பழுது என்று நினைத்து கழற்றிவிட வேண்டாம். சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் போதும்.

இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது: இந்தத் தூரத்தில், நடுவழியில், நேர்க்கோட்டைச் சுற்றிலும் 1 மீட்டர் ஆரத்துக்கு வெற்றிடம் இருப்பது நல்லது, குறைந்தது 60 சென்டிமீட்டர். கோயிலில் இதற்கு இரண்டு இடைஞ்சல் வழக்கம். ஒன்று, பித்தளைத் தகடு போர்த்திய கொடிமரம். அதை நகர்த்த முடியாது, கருவியைத்தான் 2 மீட்டர் தள்ளிப் பொருத்த வேண்டும். மற்றொன்று, தைப்பூசத்துக்குப் போடும் கூடாரம். அதன் உச்சியை இப்போதே கணக்கில் எடுங்கள், இல்லாவிட்டால் நேரலை வேண்டிய அன்றைக்கே லிங்க் விழும். மாமரம் குறுக்கே இருந்தால் வெயிலில் ஓடும், மழையில் இலை நனைந்ததும் படுக்கும்.

பொருத்தியபின் சிக்னல் -50 முதல் -60 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்) வருமாறு திருப்பிச் சரிசெய்யுங்கள். -70க்குக் கீழே போனால் எதுவோ மறைக்கிறது. -40ஐத் தாண்டினாலும் கெடுதல்தான், பவரைக் குறையுங்கள்.

கருவிக்கு மின்சாரம் கேபிள் வழியேதான் போகும். பெட்டியில் வந்த இன்ஜெக்டரையே (கேபிளில் மின்சாரம் ஏற்றும் சிறு பெட்டி) பயன்படுத்துங்கள். 24 வோல்ட் கருவிக்கு 48 வோல்ட் கொடுத்தால் கருகும். இன்ஜெக்டரில் இரண்டு ஓட்டை: பிஓஇ (PoE) என்றிருப்பது கூரைக்கு, லேன் (LAN) என்றிருப்பது ரௌட்டருக்கு. மாற்றிச் செருகினால் ரௌட்டர் போர்ட் போய்விடலாம். கேபிள் வெளிப்புற ரகமாக, முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவு. மின்சாரத்தையும் சேர்த்துச் சுமக்கும் இடத்தில் அது நம்பத் தகாது. டர்பன் உப்புக்காற்று இணைப்பானைப் பச்சை பிடிக்க வைக்கும். செருகுமிடம் கீழ்நோக்கி இருக்கட்டும், கேபிள் சுவருக்குள் நுழையுமுன் ஒரு தொங்கல் விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இனி மண்டபத்துக்குள். பழைய ரௌட்டர் ஒன்று இருந்தால் அதுவே போதும். ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் டிஎச்சிபி-யை (கருவிகளுக்குத் தானாக ஐபி எண் கொடுக்கும் வசதி) நிறுத்தி, அதன் ஐபியை 192.168.1.2 என்பது போல, முதல் ரௌட்டரின் வரிசையிலேயே யாரிடமும் இல்லாத எண்ணாக மாற்றி, பிரிட்ஜிலிருந்து வரும் கேபிளை வேன் (WAN) போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு முறை மூன்றும் கோயிலில் உள்ளபடியே. சேனல் மட்டும் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11. எந்தக் கட்டடத்தைப் பிடிப்பது என்பதை போனே முடிவு செய்கிறது. கார் பார்க்கைக் கடந்தபின்னும் அது பழைய சிக்னலை விடாமல் தொங்கினால், கோயில் ரௌட்டரின் பவரை ஒரு படி குறையுங்கள்.

பழைய எக்ஸ்டெண்டரை கழற்றிவிடுங்கள். அதை யாராவது மண்டப ரௌட்டரில் கேபிளால் இணைத்தால் இரண்டு வழி உண்டாகி, தகவல் சுற்றிச் சுற்றி வந்து இரண்டு கட்டடமும் சேர்ந்தே நின்றுபோகும்.

கேள்வி: வீட்டிலிருந்து பின்கட்டு அவுட்பில்டிங்குக்கு 25 மீட்டர், பைப் வழியே கேட்6 கேபிள் போட்டிருக்கிறோம். கோடை இடிமழை வந்தால் ஏதாவது ஒரு போர்ட் செத்துவிடுகிறது. எந்த சர்ஜ் புரொடெக்டர் வாங்கலாம்?
– வாசகர், லெனேசியா

பதில்: அந்தச் செம்புக் கேபிளை எடுத்துவிட்டு ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் போடுங்கள். ஹைவெல்ட் (ஜோஹன்னஸ்பர்க் மேட்டுநிலப் பகுதி) இடிக்கு வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலும் இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கும் நடுவே அந்தக் கணத்தில் பெரிய வோல்டேஜ் வித்தியாசம் வரும். அதைச் சமன்செய்ய அது தேடும் வழி உங்கள் செம்புக் கேபிள். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது.

தேவை: இரு முனையிலும் இணைப்பான் போட்டே வரும் 30 மீட்டர் சிங்கிள்மோட் ஒற்றை இழைக் கேபிள், மீடியா கன்வெர்டர் (இழையின் வெளிச்சத்தையும் சாதாரண நெட்வொர்க் கேபிளின் சிக்னலையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் பெட்டி) ஒரு ஜோடி. ஒற்றை இழை என்பதால் கன்வெர்டர் ஒன்று ஏ ரகம், மற்றது பி ரகமாக இருக்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பும், மற்றது 1550-இல். இரண்டும் ஏ வாங்கினால் விளக்கே எரியாது. இணைப்பானின் நிறத்தையும் பாருங்கள். கன்வெர்டரில் பெரும்பாலும் நீலம், வீட்டு ஃபைபர் கேபிள்களில் பச்சை. பச்சையின் முனை சாய்வாகத் தேய்த்தது. நீலத்தில் அது உள்ளே போகும், ஆனால் வெளிச்சம் சரியாகச் சேராது.

கேபிளில் எஃகுக் கம்பி இல்லாத, முழுக்க உலோகமற்ற ரகத்தைக் கேளுங்கள். தாங்குகம்பியோடு வரும் தட்டைக் கேபிள் என்றால் இடிக்கு மறுபடி வழி விட்டதாகும். பழைய கேட்6 நுனியில் உறுதியான நூலைக் கட்டி இழுத்து, அந்த நூலால் புதியதை இழுங்கள். இணைப்பானைப் பிடித்து இழுக்காமல், கேபிளுக்குள் உள்ள நாரில் கட்டுங்கள். மிச்சத்தைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுற்றி வையுங்கள்.

இனியும் மின்சார லைன் வழியே இடி வரலாம். சர்ஜ் அரெஸ்டர் வேண்டியது அங்கேதான்; பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு டிபி போர்டில் (வீட்டின் மின் விநியோகப் பெட்டி) போடுங்கள்.

கேள்வி: வீட்டு மின்கம்பி வழியே இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் போட்டால் கேபிளே வேண்டாமே?
– வாசகி, டோங்காட்

பதில்: இரண்டு கட்டடமும் ஒரே மீட்டர், ஒரே டிபி போர்டு என்றால் பார்க்கலாம். வாடகைக்கு விட்ட அவுட்பில்டிங்குக்குத் தனி ப்ரீபெய்ட் மீட்டர் இருந்தால் காசு வீண்.

கேள்வி: லோட்ஷெடிங் மின்வெட்டில் வீட்டு வைஃபை யுபிஎஸ்ஸில் ஓடுகிறது, பின்கட்டில் மட்டும் போய்விடுகிறது.
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பின்கட்டுக் கருவிகளுக்கும் தனி யுபிஎஸ் வேண்டும், வீட்டுப் பக்கத்து இன்ஜெக்டரும் வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இந்த இன்ஜெக்டர்தான் பலருக்கு விட்டுப்போவது. அடாப்டர்களில் எழுதியதைக் கூட்டுவதைவிட மின்கருவி மீட்டரில் உண்மை வாட்டைப் பாருங்கள். ரௌட்டரும் பிரிட்ஜும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் 4 மணி நேரத்துக்கு 60 வாட்-மணி. இழப்பையும் சேர்த்து 80 உள்ள லித்தியம் பேட்டரி வாங்குங்கள். சின்ன டிசி யுபிஎஸ் என்றால் வோல்டேஜ் 12ஆ 9ஆ என்பதையும், பின்னின் நடுப்புள்ளி பாசிட்டிவா என்பதையும் செருகுமுன் பாருங்கள்.