அலைக்கற்றை: ஏலமும் கைமாற்றமும் – கேள்வி பதில்

கேள்வி (கோவை வாசகர்): ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து ஏலத்தில் எடுத்த அலைக்கற்றை, அந்த நிறுவனத்தின் சொத்தாகிவிடுகிறதா?

பதில்: இல்லை. கைபேசிச் சேவைக்குப் பயன்படும் வானலைகளின் தொகுப்பே அலைக்கற்றை. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நிறுவனம் பெறுவது, குறிப்பிட்ட தொலைத்தொடர்பு வட்டத்தில் (பெரும்பாலும் ஒரு மாநிலம் அல்லது பெருநகரம்) குறிப்பிட்ட அலைவரிசையைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. 2022-இல் நடந்த 5ஜி ஏலத்திலும் அந்தக் காலம் 20 ஆண்டுகள்தான்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): 2ஜி வழக்கில் அனைவரும் விடுதலையானார்களே, அப்படியானால் ஏலமில்லாமல் ஒதுக்கியது சரிதானே?

பதில்: இரண்டு வழக்குகளைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது குற்றவியல் வழக்கில். குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை என்பதால் குற்றம் சாட்டப்பட்டோர் விடுதலையாயினர். ஒதுக்கீட்டு முறை செல்லுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2-ஆம் தேதியே விடையளித்து, 2008-இல் ஏலமின்றி வழங்கப்பட்ட 122 2ஜி கைபேசிச் சேவை உரிமங்களையும் ரத்து செய்துவிட்டது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

2008-இல் நாடு முழுவதற்குமான உரிமத்துக்கு, அதனுடன் வந்த தொடக்க அலைக்கற்றையையும் சேர்த்து, 2001-ஆம் ஆண்டின் விலையான சுமார் 1,658 கோடி ரூபாயே வாங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2010-இல் நடந்த 3ஜி ஏலத்தில், சென்னையை உள்ளடக்கிய தமிழ்நாடு வட்டத்தின் 5 மெகாஹெர்ட்ஸ் (அலைக்கற்றையின் அகலத்தை அளக்கும் அலகு) மட்டும் சுமார் 1,465 கோடிக்குப் போனது. 2ஜியும் 3ஜியும் ஒன்றல்ல என்பதால் இதை நேரடியான ஒப்பீடாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் ஏழாண்டுப் பழைய விலையில், முந்தி வந்தவருக்கு முதலில் கொடுத்தது தவறு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு விற்க முடியுமா?

பதில்: முடியும். இதற்கான விதிமுறைகளை மத்திய அரசு 2015 அக்டோபரில் வெளியிட்டது. பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அரசுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கைமாற்றக் கட்டணமாக ஒரு விழுக்காடு செலுத்த வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. அடுத்த ஆண்டே வீடியோகானிடமிருந்து ஆறு வட்டங்களில், 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமைந்த அலைக்கற்றையை ஏர்டெல் 4,428 கோடிக்கு வாங்கியது. ஏர்செல்லின் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையையும் எட்டு வட்டங்களில் 3,500 கோடிக்கு வாங்கியது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று.

கைமாற்றத்தின் உள்விவரத்தை 2021-இல் ஏர்டெல்லும் ஜியோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நன்றாகப் பார்க்கலாம். ஆந்திரத்தில் 3.75, மும்பையில் 2.5, டெல்லியில் 1.25 மெகாஹெர்ட்ஸ் என 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏர்டெல்லிடம் பயன்படாமல் கிடந்த சிறு துண்டுகளை ஜியோ வாங்கியது. மொத்த மதிப்பு 1,497 கோடி. அதில் ஏர்டெல்லின் கைக்கு வந்தது ஏறத்தாழ 1,038 கோடிதான். மீதி 459 கோடி, அரசுக்கு ஏர்டெல் கட்ட வேண்டியிருந்த தவணைகளை ஜியோ தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதன் மதிப்பு. ஏற்கெனவே அதே அலைவரிசையில் இயங்கிய ஜியோவுக்கோ, அத்துண்டுகள் சேர்ந்ததால் மும்பையில் அனுப்பவும் பெறவும் தனித்தனியே 15 மெகாஹெர்ட்ஸ் வரை அமைந்தது. ஒருவருக்கு உதவாத துண்டு இன்னொருவருக்கு உதவுவதுதான் கைமாற்றத்தின் முழு நியாயமும்.

கேள்வி (சேலம் வாசகர்): அப்படியானால் இத்தகைய விற்பனை ஏன் அரிதாகவே நடக்கிறது?

பதில்: வாங்க ஆளில்லை. வீடியோகான், ஏர்செல் போன்றவை களத்தைவிட்டு விலகிய பின், தனியாரில் எஞ்சியிருப்பவை மூன்றே பெரிய நிறுவனங்கள். தவிர, அலைக்கற்றை தேவைப்படுவோர் சில வேளைகளில் அதை வைத்திருக்கும் நிறுவனத்தையே வாங்கிவிடுகிறார்கள். 2010-இல் நாடு முழுவதற்குமான அகண்ட அலைவரிசை இணையச் சேவைக்கான அலைக்கற்றையை 12,848 கோடிக்கு ஏலம் எடுத்த இன்ஃபோடெல் நிறுவனத்தின் 95 விழுக்காட்டுப் பங்குகளை, ஏலம் முடிந்த கையோடு ரிலையன்ஸ் வாங்கியது. இன்றைய ஜியோவின் தொடக்கம் அதுதான்.

கேள்வி (நெல்லை வாசகர்): ஏல விலை உயர்ந்தால் அரசுக்கு லாபம்தானே?

பதில்: எப்போதும் அல்ல. நெடுந்தூரம் செல்லும், சுவர்களை எளிதில் ஊடுருவும் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு 2016-இல் நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி என்று அடிப்படை விலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021-இலும் அது விற்கவில்லை. 2022-இல் விலையை 3,927 கோடியாகக் குறைத்த பிறகே ஜியோ வாங்கியது. நிலத்தடிக் கனிமத்தை இன்று எடுக்காவிட்டால் நாளை எடுக்கலாம். சும்மா கிடந்த அலைக்கற்றையின் ஆறாண்டுப் பயனை எவராலும் மீட்க முடியாது. கட்டிடங்களுக்குள் சிக்னல் கிடைக்காமல் தவித்தவர்களுக்கு உதவியிருக்க வேண்டிய ஆண்டுகள் அவை.

விற்ற பிறகும் சிக்கல் உண்டு. வோடஃபோன் ஐடியா செலுத்த வேண்டியிருந்த ஏலப் பாக்கியில் 36,950 கோடி 2025-இல் பங்குகளாக மாற்றப்பட்டது. அதனால் அந்த நிறுவனத்தில் 48.99 விழுக்காடு இப்போது மத்திய அரசிடம் இருக்கிறது. ரொக்கமாக வர வேண்டிய தொகை பங்காக வந்திருக்கிறது. அதன் மதிப்பு அந்நிறுவனம் பிழைத்து நிற்பதைப் பொறுத்தது.