கணினியில் காட்டியது போலவே தாடை அமையுமா?

வணக்கம். தங்கைக்கு மேல்தாடையை 5 மி.மீ. முன்னேயும் கீழ்த்தாடையை 4 மி.மீ. பின்னேயும் நகர்த்தப் போகிறார்கள், திரையில் காட்டியது அப்படியே வருமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் இரண்டு தாடையிலும் இதே அறுவை சிகிச்சை நடந்தது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

மயிரிழை பிசகாது என்று யாரும் உறுதி தர முடியாது. திட்டத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது என்பதே பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. பல் கடிக்கும் இடம் அவ்வளவுகூடப் பொறுக்காது, அதற்குத்தான் ஸ்பிளிண்ட். லாட வடிவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு, மேலும் கீழும் பல் பதியும் குழிகள். வெட்டிய எலும்பை அதில் பொருத்திப் பிடித்துக்கொண்டுதான் டைட்டானியம் தகட்டைத் திருகுவார்கள்.

ஆனால் மேல்தாடை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை ஸ்பிளிண்ட் மட்டும் சொல்லாது. அதை எப்படி அளப்பீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டைப் பற்றியும் கேளுங்கள். அது குழியில் சரியாக உட்காராதபோதே டைட்டானியம் தகட்டைத் திருகிவிட்டால், மயக்கம் தெளிந்ததும் கடி மாறிவிடும்.

அப்புறம், ஸ்கேனும் பல் அளவும் எடுத்த பிறகு கிளிப் கம்பியை மாற்றினார்களா என்று பாருங்கள். பல் கொஞ்சம் நகர்ந்தாலும் ஸ்பிளிண்ட் உட்காராது.

கீழுதடு மரத்துப்போவது சகஜம். சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால்கூட எனக்குப் பல மாதம் தெரியவில்லை. தங்கையிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.