குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்த தம்பதி நிரந்தரக் கருத்தடை செய்துகொள்ளலாமா? இருவரில் யார் செய்துகொள்வது நல்லது?

தாராளமாகச் செய்துகொள்ளலாம். குழந்தை பெறாதவர் என்பது மருத்துவ ரீதியாகத் தடையே இல்லை. யார் என்று கேட்டால், உடல்நலக் காரணம் ஏதும் குறுக்கிடாதவரை கணவர் என்றுதான் சொல்வேன். ஆணுக்குச் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சையான வாசெக்டமி, மரத்துப்போக ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெண்ணுக்கோ வயிற்றில் துளையிட வேண்டும், பெரும்பாலும் முழு மயக்கமும் தேவைப்படும். ஆண்மை குறையும் என்ற பயம் வேண்டாம்: விந்தணு வரும் குழாயைத்தான் துண்டிக்கிறார்கள், ஹார்மோன் வழக்கம்போல ரத்தத்தில் கலக்கும்.

ஆனால் அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. மிச்சமிருக்கும் விந்தணுக்கள் வெளியேற சுமார் 3 மாதம் ஆகும். பரிசோதனையில் விந்தணு இல்லை என்று வரும்வரை ஆணுறை கட்டாயம்.

வயதையும் யோசியுங்கள். கருத்தடை செய்துகொண்ட பெண்களை 14 ஆண்டுகள் வரை கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 30 வயதுக்குள் செய்துகொண்டவர்களில் சுமார் 20 சதவீதம் பேர் பின்னால் வருந்தினார்கள். 30 தாண்டியவர்களில் சுமார் 6 சதவீதம்தான். மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு, பலிக்கும் என்று நம்பி இறங்கக்கூடாது. "இந்தத் துணை இல்லாமல் போனாலும் எனக்கு இதே முடிவுதானா?" என்று இருவரும் தனித்தனியாக யோசியுங்கள். ஒருவர் தயங்கினாலும், பெண்ணின் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி போதும். 10 ஆண்டு வரை தாங்கும், வேண்டும்போது எடுத்துவிடலாம்.