நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு பிடிக்கிறதே, என்ன செய்யலாம்?

எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டு எழுந்தால் இடுப்பு பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகை மட்டும் நீட்டிப் பார்த்திருப்பீர்கள். தொடையின் முன்பக்கத்தையும் கவனியுங்கள். கீழ் முதுகெலும்பிலிருந்து தொடை எலும்புக்கு வரும் சோவாஸ் தசை, உட்கார்ந்திருக்கும்போது சுருங்கியே கிடக்கிறது.

மடித்த போர்வைமேல் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வையுங்கள். வலது பிட்டத்தை இறுக்கியபடி உடம்பைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் போதும், வலது தொடையின் மேல்பக்கம் இழுப்பது தெரியும். அப்படியே 30 விநாடி, மூச்சை அடக்காதீர்கள். அப்புறம் கால் மாற்றிச் செய்யுங்கள். முதுகைப் பின்னால் வளைத்துவிட்டால் தசை சரியாக நீளாது, பலரும் தவறுவது இங்கேதான்.

ஓடிவிட்டு வந்தவர்கள் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலையும் நீட்டலாம். பின்கால் குதிகால் தரையிலேயே இருக்கட்டும். கால் மரத்துப்போனால் நீட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.