புல்லட்டில் சைடு கார்: கடன் வாங்கிப் பொருத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை, கைக்கு வருவது மாதம் 52,000 ரூபாய். வீட்டுச் செலவு 38,000 ஆகிறது. எஃப்.டி.யில் 2 லட்சம் இருக்கிறது. தவணை கட்டி முடித்த 350 சிசி புல்லட்டில்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அதற்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, பின்னால் உட்கார முடியவில்லை. மாதம் நான்கு முறையாவது ஆஸ்பத்திரி, கோயில் என்று அழைத்துப் போக வேண்டும். சிறு வயதில் அப்பாவின் லாம்பிரெட்டா ஸ்கூட்டரில் சைடு காரில் (பக்கவாட்டில் மாட்டும் ஒற்றைச் சக்கர இருக்கை) உட்கார்ந்து போனவன் நான். புல்லட்டுக்கு ஒரு பட்டறையில் 1,30,000 ரூபாய்க்குப் பொருத்தித் தருகிறார்களாம், 20,000 அட்வான்ஸ் கேட்கிறார்கள். 14 சதவீத வட்டியில் மூன்று வருடத் தனிநபர் கடன் கிடைக்கிறது. வாங்கலாமா? அல்லது 2 லட்சத்துக்குப் பழைய கார் பார்க்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: இந்தக் கடனை வாங்க வேண்டாம். சைடு காரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்காக என்று நினைத்து இதில் இறங்காதீர்கள்.

முதலில் அம்மாவின் முட்டியைப் பற்றியே பேசுவோம். சைடு காரின் இருக்கை தாழ்வாக இருக்கும். விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து, உடம்பை உள்ளே இறக்கி, காலை நீட்டி உட்கார வேண்டும். கதவு வைத்த மாடலிலும் அந்தத் தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருப்பது மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரும்பாடு. ஆட்டோவில் ஏறுவது இதைவிட எவ்வளவோ சுலபம். யாரிடமாவது சைடு கார் இருந்தால் அம்மாவை ஒரு தடவை உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். இதைச் செய்து பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 1,30,000 ரூபாயை 14 சதவீதத்தில் 36 மாதம் கட்டினால் தவணை சுமார் 4,440 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 1,60,000 கட்டுவீர்கள், அதில் 30,000 வெறும் வட்டி. ஆட்டோவுக்குப் போகவர 300 ரூபாய் என்று வைத்தாலும் நான்கு முறைக்கு 1,200தான். தவணைப் பணத்தில் அம்மாவை மாதம் 14 முறை ஆட்டோவில் அழைத்துப் போய்வரலாம்.

தவணையோடு செலவு நிற்காது. சைடு கார் மாட்டிய புல்லட்டை நெரிசலில் சந்து பார்த்து ஓட்ட முடியாது. ஆபீஸ் டூவீலர் ஸ்டாண்டிலும் அது அடங்காது. தேவையில்லாதபோது கழற்றி வைக்கலாமே என்பார்கள். திரும்ப மாட்டும்போது சக்கரத்தின் நேர்கோடும் வண்டியின் சாய்வும் சரியாக அமையாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரும் சீக்கிரம் தேயும். ஆகவே, இன்னும் ஆறே மாதத்தில் வேலைக்குப் போக ஒரு ஸ்கூட்டர் வாங்கும் நிலை வரலாம். பெட்ரோலும் கூடும்: லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தந்த வண்டி 25 தரும் என்று வைத்தால், மாதம் 500 கிலோமீட்டருக்கு 570 ரூபாய் அதிகம்.

எனக்கு மிகவும் கவலை தருவது காகித விஷயம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, மோட்டார் சைக்கிள் என்பதை விளக்கும் 2(27) பிரிவிலேயே கழற்றி மாட்டும் சைடு காரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பட்டறைக்காரர்கள் இதைக் காட்டி ‘அனுமதியே தேவையில்லை’ என்று சொல்லக்கூடும். அதை நம்பி இறங்காதீர்கள். வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிப் பேசுவது 52ஆம் பிரிவு. தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் எழுத்தில் கேளுங்கள். சைடு காரும் இருக்கை எண்ணிக்கையும் ஆர்.சி.யில் ஏறும் என்று பதில் வந்த பிறகுதான் பட்டறைப் பக்கம் போக வேண்டும்.

அடுத்தது இன்சூரன்ஸ். உங்களிடம் இருக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசி, வண்டியில் இலவசமாகக் கூட வருபவருக்கு இழப்பீடு தராது. பின்னிருக்கைப் பயணி விஷயத்தில் 2006இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. சைடு காரில் அம்மாவும் பின்னால் இன்னொருவரும் வரும்போது விபத்து நடந்தால், அந்தப் பாலிசியிலிருந்து இரண்டு பேருக்குமே எதுவும் வராமல் போகலாம். உங்கள் வண்டிக்கும் கூட வருபவருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு தரும் பேக்கேஜ் பாலிசியாக மாற்றுங்கள். அதற்கு முன் சைடு காரைப் பற்றி நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, பாலிசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம் கிளெய்ம் நேரத்தில்தான் வெளியே வரும். சைடு கார் மாட்டாவிட்டாலும் பேக்கேஜ் பாலிசிக்கு மாறிவிடுங்கள். இப்போதும் உங்கள் பின்னால் யாராவது உட்கார்ந்து வரக்கூடும் அல்லவா?

பழைய கார் யோசனையும் இப்போதைக்கு வேண்டாம். 2 லட்சம் என்றால் உங்கள் எஃப்.டி. முழுவதும் போய்விடும். அவசரத்துக்கு வைத்திருக்க வேண்டிய ஆறு மாத வீட்டுச் செலவே 2,28,000 ஆகிறது. அவசரத்துக்கு வைத்திருக்கும் பணமே 28,000 குறைகிறது. அதைத் தொடாதீர்கள்.

அப்பாவின் லாம்பிரெட்டாவை நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அந்த ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அதை அம்மாவின் மருத்துவத் தேவையோடு கலக்காமல், உங்கள் ஆசை என்றே தனியாக வைத்து அதற்குச் சேமியுங்கள். முதலில் எஃப்.டி.யின் குறையை நிரப்புங்கள். மாதம் 7,000 போட்டால் நான்கே மாதம். அப்புறம் மாதம் 6,000 வீதம் ஆர்.டி. போட்டால் 22 மாதத்தில் 1,32,000 சேரும், வட்டி தனி. அதற்குள் சைடு காரோடேயே ஆர்.சி. ஆன பழைய வண்டி விலைக்கு வந்தால், புதிதாகப் பொருத்துவதைவிட அதையே வாங்குவேன். ஓட்டவும் புதிதாகப் பழக வேண்டும். நம் ஊரில் சைடு கார் இடப்பக்கம் இருப்பதால் இடது வளைவில் வேகமாகத் திரும்பினால் அதன் சக்கரம் மேலே எழும்பும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போகும். காலி மைதானத்தில் மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு சில நாள் பழகுங்கள்.

அந்த 20,000 அட்வான்ஸைக் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். கொடுத்திருந்தால், ஆர்.டி.ஓ. அனுமதி கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்று இந்த வாரமே ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.