கிராப்ஸில் 7 ஒருமுறை வெற்றி, மறுமுறை தோல்வி ஏன்?

லாஸ் வேகாஸில் கிராப்ஸ் என்ற பகடைச் சூதாட்டத்தில் முதல் 7-க்குப் பணம் கொடுத்தவர்கள், சற்று நேரத்தில் விழுந்த அடுத்த 7-க்கு உங்கள் பந்தயத்தை வாரிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். யாரும் உங்களை ஏமாற்றவில்லை, நண்பரே. பாஸ் லைன் என்ற அடிப்படைப் பந்தயத்தில் முதல் வீச்சுக்குத் தனிச் சட்டம்: 7, 11 வெற்றி, 2, 3, 12 தோல்வி. வேறு எந்த எண் விழுந்தாலும் அதுவே பாயிண்ட். மேசையிலுள்ள அடையாள வட்டு 'ஆன்' பக்கம் திரும்பி அந்த எண்ணின்மேல் அமரும். அதன்பின் நீங்கள் வெல்ல, 7 வருவதற்குள் பாயிண்ட் மறுபடி விழ வேண்டும்; 7 முந்தினால் தோல்வி. இரண்டு பகடைகளின் 36 சேர்க்கைகளில் ஆறு 7-ஐத் தருகின்றன, 4-க்கு மூன்றுதான்.

பாஸ் லைனில் கேசினோவின் சாதகம், அதாவது பந்தயத் தொகையில் சராசரியாக அதற்குச் சேரும் பங்கு, சுமார் 1.41 சதவீதம். அடுத்த வீச்சிலேயே 7 விழும் என்று மேசை நடுவில் கட்டும் 'எனி செவன்' பந்தயத்திலோ 16.67! தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். பாயிண்ட் அமைந்தபின் பாஸ் லைனோடு கூடுதலாக வைக்கும் ஆட்ஸ் பந்தயத்தில் கேசினோவுக்குச் சாதகமே இல்லை. அதற்கு மேசையில் கட்டம் வரைந்திருக்காது. பாஸ் லைன் சில்லுகளுக்குப் பின்னால் வையுங்கள்.